பட்டியலில் இல்லாத பிழை

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் கட்டுரை நோட்டு மாலை வகுப்பில் என் கைக்கு வந்தது. சைக்கிள் காணாமல் போன கதை. 'ஸ்டேஷனரி' கடை என்று எழுதிய இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தது. பள்ளியில் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஐந்து முறை எழுத வைத்திருந்தார்கள். மூன்று வரி கீழே, பக்கத்துத் தெருக்காரன்தான் எடுத்திருப்பான் என்று சொல்ல வந்தவன், 'ஐ டவுட் ஹி டுக் இட்' என்று எழுதியிருந்தான். அவன் எடுத்திருக்க மாட்டான் என்பதே அந்த வாக்கியத்தின் பொருள். அதற்கு டிக் போட்டிருந்தார்கள்.

ஒன்றோடொன்று குழம்பும் ஆங்கிலச் சொற்களைப் பற்றி நம்மிடம் ஊறிப்போன கருத்து ஒன்று உண்டு. இந்தப் பிழைகள் கவனக்குறைவால் வருபவை. ஆங்கிலம் தாய்மொழியானவர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. இரண்டிரண்டாகப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் சரியாகிவிடும். இருபது ஆண்டுகளாக மாலை வகுப்பு நடத்தும் எனக்கு இதில் ஒன்றுகூட உண்மையாகப் படவில்லை.

முதலில் கவனக்குறைவு. 'அவன்மேல் எனக்குச் சந்தேகம்' என்றால் அவன் செய்திருப்பான் என்று நினைக்கிறேன். 'அவன் வருவது சந்தேகம்' என்றால் வரமாட்டான் என்று நினைக்கிறேன். இரண்டு பக்கமும் சாயும் சொல் அது. ஆங்கிலத்தில் முதலாவதற்கு 'சஸ்பெக்ட்', இரண்டாவதற்கு 'டவுட்'. பையன் தமிழில் ஒழுங்காக யோசித்து, தனக்குத் தெரிந்த ஒரே சொல்லைப் போட்டான். அதைக் கவனக்குறைவு என்பது அநியாயம். 'பாரோ', 'லெண்ட்' இரண்டும் மாறிப்போவதும் இப்படித்தான். நமக்குக் கடன் என்பது ஒரே பொருள். வாங்குவதும் கொடுப்பதும் பின்னால் வரும் வினையில் இருக்கிறது. அங்கே அவை தனித்தனிச் சொற்கள். 'கேள்' என்ற நம் ஒரே வினைக்கோ அங்கே மூன்று சொற்கள்: காதில் விழுந்தால் ஒன்று, காதுகொடுத்தால் ஒன்று, கேள்வி கேட்டால் ஒன்று.

இதனால் தமிழில் நுணுக்கம் குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். வாங்கிய பேனாவையே திருப்பித் தந்தால் இரவல். வாங்கிய பணத்துக்கு ஈடான பணத்தைத் தந்தால் கடன். ஆங்கிலத்துக்கு இரண்டுமே 'பாரோ'தான். ஒவ்வொரு மொழியும் கோடு கிழிக்கும் இடம் வேறு. குழந்தை தடுமாறுவது அந்தக் கோட்டில்.

ஒலியிலும் அப்படியே. விலையைக் குறிக்கும் சொல்லையும் பரிசைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதிப் பாருங்கள்: இரண்டும் 'பிரைஸ்'. அறிவுரையும் 'அட்வைஸ்', அறிவுரை சொல்வதும் 'அட்வைஸ்'. பரிசுச் சொல்லின் கடைசியிலும், அறிவுரை சொல்லும் வினையின் கடைசியிலும் வரும் அதிரும் ஒலிக்குத் தமிழில் எழுத்து இல்லை. காதில் ஒன்றாக விழுவதைக் கையால் மட்டும் பிரித்து எழுதச் சொல்கிறோம்.

அடுத்து, ஆங்கிலம் தாய்மொழியானவர்களுக்குச் சிக்கல் இல்லை என்பது. 1787-இல் எழுதிய அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் பிரிவு, பத்தாம் உட்பிரிவில், 'அதனுடைய' என்ற பொருளில் வரும் 'இட்ஸ்' அபாஸ்ட்ரஃபியோடு இருக்கிறது. இன்று நம் பிள்ளை அப்படி எழுதினால் மதிப்பெண் போகும். அக்காலத்தில் படித்தவர்களே அப்படி எழுதினார்கள். இன்றைய விதி பிறகு நிலைபெற்றது. ஸ்காட்லாந்தில் 'ஐ டவுட் இட் வில் ரெய்ன்' என்றால் மழை வரும்போலிருக்கிறது என்று பொருள்படும் வழக்கு உண்டு. நம் பையன் எழுதியது அங்கே பிழையே ஆகாது. பொது ஆங்கிலத்தில் பிழை என்பதால் திருத்தத்தான் வேண்டும். ஆனால் கேவலமாகப் பேசித் திருத்த அதில் ஒன்றுமில்லை.

கடைசியாகப் பட்டியல். இதைத்தான் நான் மிகவும் எதிர்க்கிறேன். பொருளால் நெருங்கிய புதுச் சொற்களைச் சேர்த்துப் படிக்க, தொடர்பில்லாத சொற்களைப் படிப்பதைவிட அதிக நேரம் பிடிக்கிறது என்று 1993-இல் தாமஸ் டிங்கம் சோதித்துக் காட்டினார். 1997-இல் ராப் வாரிங் ஜப்பானிய மாணவர்களிடம் செய்த சோதனையும் அதையே காட்டியது. சேர்த்துப் படிக்கும் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. வகுப்பில் நான் பார்ப்பதும் அதுதான்: 'பாரோ'வை மட்டும் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை, 'லெண்ட்'டைப் பக்கத்தில் வைத்துப் பாடம் நடத்திய மறுநாள் இரண்டையும் தொலைத்துவிட்டு நிற்கும்.

மனப்பாடச் சூத்திரங்களும் பாதி வழிதான் வரும். 'அஃபெக்ட்' வினை, 'எஃபெக்ட்' பெயர் என்பார்கள். மாற்றத்தைக் கொண்டுவருவதைச் சொல்ல 'எஃபெக்ட்' வினையாகவும் வரும். 'பிராக்டிஸ்' பெயருக்குச் சி, வினைக்கு எஸ் என்பது பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்காவில் இரண்டுக்கும் சி.

எல்லாவற்றுக்கும் மேல், பட்டியல் பிழைகளை எடை போடுவதில்லை. 'ஸ்டேஷனரி'யில் எழுத்து மாறினாலும் கடை கடையாகவே இருக்கும். 'டவுட்' மாறினால் திருடன் என்று நினைத்தவன் நிரபராதி ஆகிவிடுகிறான்.

நோட்டை மூடி வைத்துவிட்டு அவனிடம் தமிழில் கேட்டேன்: "அவன் எடுத்திருப்பான்னு நினைக்கிறியா, எடுத்திருக்க மாட்டான்னு நினைக்கிறியா?"

"எடுத்திருப்பான் சார்."

"அப்போ அதுக்கு சஸ்பெக்ட்."

அந்த மாதம் முழுக்க அந்த ஒரு சொல்தான். யார் சாக்பீஸை ஒளித்தது, மின்விசிறி ஏன் நின்றது என்று எதற்கெடுத்தாலும் அவன் 'ஐ சஸ்பெக்ட்' என்றான். 'டவுட்' பாடத்தை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்தேன்.