மணிக்கட்டே அளவுகோல்

கார்ட்டியேயின் ‘டாங்க்’ 1917இல் வடிவமைக்கப்பட்டது. ஜேகர்-லெகுல்ட்ர் நிறுவனத்தின் ‘ரிவர்சோ’ 1931இல் பிறந்தது. இந்தியாவில் போலோ ஆடிய ஆங்கிலேய அதிகாரிகள், கண்ணாடி உடையாதிருக்க முகப்பைத் திருப்பிக்கொள்வதற்காக உருவானது. இரண்டும் நீள்சதுரம், இரண்டும் அழகு. எதைத் தேர்வது?

பெயரை மறந்து, கையில் கட்டிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்பது நம் கருத்து. வார் பொருந்தும் முனைகள் மணிக்கட்டின் அகலத்தைத் தாண்டலாகாது. சட்டையின் கைப்பட்டிக்குள் கடிகாரம் தடையின்றி நுழைய வேண்டும். திருப்பும் அமைப்பினால் ரிவர்சோ பொதுவாகச் சற்றுத் தடிமனானது. மெல்லிய கைக்கு டாங்க் பொருந்தும். பின்புறத்தில் பெயர் பொறித்துப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல எண்ணுவோர்க்கு ரிவர்சோ ஏற்றது.

கடன் வழங்குவதே நம் தொழிலாயினும் சொல்கிறோம்: எதுவாயினும் சேமிப்பிலிருந்தே வாங்குங்கள். தவணை நாளை எண்ணியபடி மணி பார்ப்பதில் இன்பமில்லை.