என்னடா, இன்னும் சுத்திக்கிட்டேவா இருக்கு?

காட்ரோட்டில் டீ குடித்துவிட்டு வண்டியை எடுத்தாயிற்று. மலை ஏற ஆரம்பித்த பிறகுதான் அப்பாவுக்கு ஞாபகம் வருகிறது. “இ-பாஸ் எடுத்தியாடா?” பின் சீட்டில் இருக்கும் மகன் அவசரமாக போனை எடுக்கிறான். வண்டி எண், எத்தனை பேர், என்றைக்கு வருகிறார்கள், என்றைக்குத் திரும்புகிறார்கள் என எல்லாவற்றையும் தட்டிவிட்டு பட்டனை அமுக்குகிறான். சக்கரம் சுற்றுகிறது. டம் டம் பாறை வந்துவிட்டது. சிக்னல் ஒரே ஒரு கோடு. “என்னடா, இன்னும் சுத்திக்கிட்டேவா இருக்கு?” என்கிறார் அம்மா. திரையில் ‘டைம் அவுட்’. பையன் மறுபடி அமுக்குகிறான். மறுபடியும்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் எண்ணிக்கைக்கும் வரம்பு போட்டார்கள். அந்தக் கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி. அதனால்தான் அந்தச் சக்கரம் சுற்றும்போது வயிற்றில் புளி கரைகிறது. பாஸ் கிடைத்ததா, இல்லையா?

இங்கேதான் பலரும் ஏமாறும் இடம். ‘டைம் அவுட்’ என்றால் ‘வேலை நடக்கவில்லை’ என்று அர்த்தமில்லை. ‘பதில் வரும்வரை காத்திருக்க என்னால் முடியவில்லை’ என்றுதான் அர்த்தம். பையன் அனுப்பிய கோரிக்கை சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, பாஸும் பதிவாகி, பதில் திரும்பி வரும் வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவில் சிக்னலோடு சேர்ந்து தொலைந்திருக்கலாம். போகவே இல்லாமலும் இருக்கலாம். போனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

போனுக்கும் சர்வருக்கும் நடுவில் ஆட்கள் வேறு இருக்கிறார்கள். செல்போன் நிறுவனத்தின் கருவிகள், வாசலில் நின்று கூட்டத்தைப் பிரித்து அனுப்பும் ப்ராக்ஸி, அதற்குப் பின்னால் நிஜமாகவே வேலை பார்க்கும் புரோகிராம் என்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு கடிகாரம். உலகமெங்கும் பயன்படும் ‘என்ஜின்எக்ஸ்’ என்ற ப்ராக்ஸி, யாரும் மாற்றாவிட்டால், உள்ளேயிருந்து 60 விநாடி ஒரு சத்தமும் வராதபோது ‘504 கேட்வே டைம் அவுட்’ என்று கதவைச் சாத்திவிடும். உள்ளே புரோகிராம் 70-வது விநாடியில் வேலையை முடித்துவிட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும். வாங்கத்தான் ஆளில்லை.

“அந்த 60-ஐ 600 ஆக்கிவிட்டால் போச்சு” என்று தோன்றும். அவசரத்துக்குப் பல கம்பெனிகளில் செய்வதும் அதைத்தான். ஆனால் காத்திருக்கும் ஒவ்வொரு இணைப்பும் சர்வரில் கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். மே மாத விடுமுறையில் எல்லாரும் பத்து பத்து நிமிடம் பிடித்து நின்றால், புதிதாக வருகிறவருக்குக் கதவே திறக்காது. மெதுவாக இருந்த தளம் மொத்தமாகப் படுத்துவிடும்.

நம் ஊர் தையல்காரருக்கு இதன் விடை எப்போதோ தெரியும். அளவெடுத்தவுடன் “இங்கேயே நில்லுங்க, தைச்சுத் தர்றேன்” என்று யாரையும் நிறுத்தி வைப்பாரா? ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்து, “வெள்ளிக்கிழமை வாங்க” என்பார். நல்ல இணையதளமும் அதைத்தான் செய்ய வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை என்றால் உடனே ‘202’, அதாவது ‘வாங்கிக்கொண்டேன்’ என்று சொல்லி, ஒரு டோக்கன் எண்ணைக் கொடுத்து இணைப்பை விட்டுவிட வேண்டும். வேலை பின்னால் வரிசையில் நடக்கும். போன் அவ்வப்போது அந்த எண்ணைக் காட்டி “ஆச்சா?” என்று கேட்டுக்கொள்ளும். முடிந்ததும் எஸ்.எம்.எஸ் வந்தால் இன்னும் நல்லது. அது ஒற்றைக் கோடு சிக்னலிலும் பல நேரம் வந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. ஒரே விண்ணப்பம் மூன்று தடவை வந்தாலும், அதோடு ஒட்டியிருக்கும் அடையாள எண்ணைப் பார்த்து ‘இது பழைய ஆள்தான்’ என்று சர்வர் கண்டுபிடிக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு வண்டிக்கு மூன்று பாஸ் கணக்காகிவிடும். வரம்பு வைத்த ஊரில் அது வேறு இரண்டு குடும்பங்களின் இடம்.

பாஸ் இலவசம், அதனால் இதோடு போகிறது. ஓட்டல் அறைக்கு முன்பணம் கட்டும்போது இதே சக்கரம் சுற்றினால்? மறுபடி அமுக்கினால் இரண்டு தடவை பணம் போகலாம். முதலில் வங்கிக் கணக்கைப் பார்த்துவிட வேண்டும். யுபிஐ-யில் பணம் கழிந்து, வியாபாரிக்கு உறுதிச் செய்தி போகவில்லை என்றால், 5 நாட்களுக்குள் அது தானாகவே திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. இது தெரியாமல் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பவர்கள் நிறைய.

வண்டி பெருமாள்மலைக்கு வந்துவிட்டது. வெள்ளி நீர்வீழ்ச்சிச் சோதனைச்சாவடிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். சிக்னல் நான்கு கோடு காட்டுகிறது. மகனின் விரல் மறுபடி பட்டனுக்குப் போகிறது. அப்பா வண்டியை ஓரமாக நிறுத்துகிறார்.

“இருடா, அமுக்காத. மொதல்ல மெசேஜ் ஏதாவது வந்திருக்கான்னு பாரு.”