அந்த அப்பாவுக்கு 15 வருடம் சரிதான்!

போன சனிக்கிழமை ராத்திரி எங்கள் விடுதியில் நடந்த சண்டைக்குக் காரணம் கிரிக்கெட்டும் இல்லை, அரசியலும் இல்லை. ஒரு கொரியத் தொடர். பதினாறு பாகத்தையும் ஆங்கில சப்டைட்டிலோடு நாலே நாளில் பார்த்து முடித்தோம் (அடுத்த வாரம் காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சை, அது தனி சோகம்). கடைசிக் காட்சி முடிந்ததும் அறையில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் கத்தினார்கள்: "என்னடா அநியாயம்! அந்த மனுஷனுக்குப் போய் 15 வருஷமா?" நான் ஒருத்தன் மட்டும் "சரியான தீர்ப்புதான்" என்றேன். அவ்வளவுதான், தலையணை பறந்தது. "உனக்கெல்லாம் ஒரு பொண்ணு பொறந்து..." என்று ஆரம்பித்தவனை மற்றவர்கள்தான் அடக்கினார்கள்.

அன்றைக்கு என்னைப் பேசவே விடவில்லை. இங்கே யாரும் தலையணை எறிய முடியாது என்பதால் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். ஹி ஹி.

எச்சரிக்கை: கதையை முழுக்க உடைக்கப் போகிறேன். பார்க்கிற எண்ணம் இருப்பவர்கள் இத்தோடு எழுந்து போய், பார்த்துவிட்டு வரவும்.

தொடரின் பெயர் 'தி சேஸர்'. 2012 மே முதல் ஜூலை வரை எஸ்.பி.எஸ். தொலைக்காட்சியில் வந்தது. (2008இல் இதே பெயரில் வந்த சினிமா வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) எழுதியவர் பார்க் கியுங்-சூ. நாயகன் பேக் ஹோங்-சோக் ஒரு சாதாரண துப்பறியும் போலீஸ்காரர். நடித்தவர் சோன் ஹியுன்-ஜூ. பளபளப்பான முகம் இல்லை, பக்கத்து வீட்டு அங்கிள் மாதிரி இருப்பார். அந்த வருடம் எஸ்.பி.எஸ். நாடக விருதுகளில் பெரிய விருது அவருக்குத்தான் போனது.

ஹோங்-சோக்கின் பள்ளிக்கூடம் போகிற ஒரே மகளை ஒரு கார் இடிக்கிறது. காரில் இருந்தது பி.கே. ஜூன் என்ற பிரபல பாடகனும், ஜனாதிபதி தேர்தலுக்கு நிற்கும் காங் டோங்-யூனின் மனைவியும். அவள் ஒரு பெரிய தொழில் குழுமத்து முதலாளியின் மகள். விஷயம் வெளியே வரக்கூடாது என்று கீழே கிடக்கிற பெண்ணின் மேல் மறுபடியும் காரை ஏற்றுகிறார்கள். அப்படியும் அவள் சாகவில்லை. ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொள்வாள் என்ற நிலைமை.

அங்கேதான் டாக்டர் வருகிறான். யூன் சாங்-மின். ஹோங்-சோக்கின் நெடுநாள் நண்பன். கழுத்து வரை கடன். அவனிடம் 300 கோடி வோன் பேரம் பேசப்படுகிறது. அன்றைய மதிப்பில் நம்மூர் பணம் சுமார் 14 கோடி. நண்பனின் மகளுக்கு, தன் கையால் பிழைக்க வைத்த பெண்ணுக்கு, அவனே மருந்து ஏற்றிக் கொல்கிறான். அப்புறம் அதே நண்பனைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்கிறான்.

அந்தக் காட்சியில் அறையில் ஒருத்தனும் மூச்சு விடவில்லை. கொலைகாரன் யார் என்று நமக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுகிறது. இனி யார் விலை போவார்கள், எவ்வளவுக்குப் போவார்கள் என்பதுதான் மீதிப் பாகங்களின் திகில்.

வழக்கு நடக்கிறது. ஓய்வு பெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் பாடகனுக்கு வக்கீல். செத்துப்போன பெண்ணைப் போதைப் பழக்கம் உள்ளவள், நடத்தை கெட்டவள் என்று கோர்ட்டிலேயே நாறடிக்கிறார்கள். பாடகன் விடுதலை. மகளைத் தொடர்ந்து மனைவியும் போய்ச் சேருகிறாள். ஹோங்-சோக் துப்பாக்கியோடு கோர்ட்டுக்குள் நுழைகிறார், உண்மையைச் சொல் என்று பாடகனைக் கேட்கிறார், துப்பாக்கி வெடிக்கிறது, பாடகன் சாகிறான். அதிலிருந்து துரத்துகிறவரே துரத்தப்படுகிறவர் ஆகிறார். கடைசியில் எல்லா உண்மையும் வெளியே வருகிறது, காங் டோங்-யூன் தேர்தலில் தோற்று ஜெயிலுக்குப் போகிறான். ஆனால் ஹோங்-சோக்குக்கும் 15 வருடம்.

இனி என் வாதம்.

எங்கள் அறையில் சொன்ன முதல் காரணம், "அவர் பக்கம் நியாயம் இருந்தது". சரி. ஆனால் இந்தத் தொடரில் யார் பக்கம்தான் 'நியாயம்' இல்லை? டாக்டரைக் கேளுங்கள், கடன், குடும்பம் என்பான். காங் டோங்-யூனைக் கேளுங்கள். முடி திருத்தும் கடைக்காரரின் மகனாகப் பிறந்து, பணக்கார மாமனாரிடம் அவமானப்பட்டு மேலே வந்தவன். நான் ஜனாதிபதி ஆனால் இந்த நாட்டுக்கே நல்லது, அதற்கு முன்னால் ஒரு உயிர் பெரிதா என்று அவன் நிஜமாகவே நம்புகிறான். எழுத்தாளரின் கெட்டிக்காரத்தனமே இதுதான். யாரையும் கொம்பு முளைத்த வில்லனாகக் காட்டவில்லை. ஒவ்வொருத்தன் கையிலும் ஒரு காரணம் கொடுத்துவிட்டு, காரணம் இருந்தால் கொல்லலாமா என்று நம்மைக் கேட்கிறார்.

"டாக்டரோட காரணம் பணம், அப்பாவோட காரணம் பாசம், ரெண்டும் ஒண்ணாடா?" என்றான் ஒருத்தன். ஒன்றே இல்லை. அந்த வித்தியாசத்தைத் தண்டனையின் அளவில் காட்டுங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். பதினைந்துக்குப் பதில் பத்து என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் நீங்கள் கேட்டது பத்து இல்லையே? பூஜ்யம்!

இரண்டாவது காரணம் கொஞ்சம் கனமானது. "அந்தக் கோர்ட்டே விலை போன கோர்ட். அதுக்கு அவரைத் தண்டிக்க என்ன யோக்கியதை?"

இந்தக் கோபம் கொரியாவில் கற்பனை இல்லை. இந்தத் தொடர் வருவதற்குச் சில மாதம் முன்புதான் அங்கே இரண்டு படங்கள் ஊரையே உலுக்கின. 2011 செப்டம்பரில் வந்த 'டோகானி', குவாங்ஜூ நகரில் காது கேளாத குழந்தைகளின் பள்ளியில் நடந்த பாலியல் கொடுமையும், குற்றவாளிகள் லேசான தண்டனையோடு தப்பித்ததும் பற்றியது. மக்கள் கொதித்த கொதிப்பில் அடுத்த மாதமே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2012 ஜனவரியில் வந்தது 'அன்பவ்ட்'. தன் வழக்கில் தீர்ப்பு சொன்ன நீதிபதியை வில்லம்போடு தேடிப் போன ஒரு பேராசிரியரின் நிஜக் கதை. பெரிய முதலாளிகளுக்கு மூன்று வருடம் தண்டனை என்று சொல்லி, அதையும் ஐந்து வருடம் நிறுத்திவைத்து வீட்டுக்கு அனுப்புவதற்கு அங்கே '3-5 விதி' என்று கேலிப் பெயரே உண்டு. சாம்சங் முன்னாள் தலைவர் லீ குன்-ஹீ ஒருவருக்காக மட்டும் 2009 டிசம்பரில் தனியாக ஒரு பொதுமன்னிப்பு வந்தது. ஒலிம்பிக்கை நாட்டுக்குக் கொண்டுவர அவர் தேவையாம்!

ஆக, கோர்ட் மேல் நம்பிக்கை இல்லை என்பது உண்மை. அதனால் அப்பாக்கள் தாங்களே தீர்ப்பு சொல்லிக்கொள்ளலாமா? இங்கேதான் என் நண்பர்களுக்கு ஒரு நிஜ அப்பாவைக் காட்ட ஆசைப்படுகிறேன்.

ஹன்வா குழுமத்தின் தலைவர் கிம் சியுங்-யூன். 2007 மார்ச்சில் சியோலில் ஒரு மதுக்கூடத்தில் நடந்த தகராறில் அவர் மகனுக்குக் கண்ணருகே அடிபட்டு, தையல் போட வேண்டியதாயிற்று. அப்பா என்ன செய்தார்? போலீசுக்குப் போகவில்லை. பாதுகாவலர்களோடு கிளம்பி, அந்த மதுக்கூட ஊழியர்களை மலைப்பக்கம் ஒரு கட்டட வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் அடித்தார். ஜூலையில் ஒன்றரை வருடம் சிறை என்று தீர்ப்பு வந்தது. செப்டம்பரில் மேல்முறையீட்டில் அது நிறுத்திவைக்கப்பட்டு, 200 மணி நேரம் சமூக சேவை என்று ஆனது. 2008 ஆகஸ்டில் மன்னிப்பும் கிடைத்துவிட்டது.

அவருக்கும் பாசம்தானே மக்களே? அவரும் அப்பாதானே?

'பிள்ளைக்காக அப்பா செய்தால் குற்றமில்லை' என்று ஒரு கதவைத் திறந்து வைத்தால், அதில் முதலில் நுழைவது ஹோங்-சோக் இல்லை. அவரிடம் ஒரே ஒரு துப்பாக்கியும் ஒரு பழைய ஜாக்கெட்டும்தான் இருக்கிறது. ஆள்பலமும் வக்கீல்பலமும் உள்ள அப்பாதான் முதலில் நுழைவார், சத்தமில்லாமல் வெளியேயும் வருவார். நாம் ஹோங்-சோக்குக்காக அழுதுகொண்டே கேட்கிற சலுகை, கடைசியில் அவர் மகளைக் கொன்ற வர்க்கத்தின் பைக்குள்தான் போய் விழும்.

மூன்றாவதாக, எல்லாரும் கவனிக்கத் தவறியது. ஹோங்-சோக்குக்கு என்னதான் வேண்டும்? பழி வாங்குவது மட்டும்தான் என்றால் பாடகன் செத்த அன்றே கதை முடிந்திருக்க வேண்டும், பாதித் தொடர்கூட ஆகியிருக்காது. அவருக்கு வேண்டியது வேறு. என் பெண் கெட்டவள் இல்லை, அவளைக் கொன்றவர்கள் இவர்கள் என்று அதே கோர்ட்டில், எல்லார் காதும் கேட்கச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அடிபட்டு, ஓடி, ஒளிந்து, திரும்பி வருகிறார்.

அந்தக் கோர்ட்டின் வார்த்தை மகள் விஷயத்தில் செல்லும், ஆனால் என் விஷயத்தில் செல்லாது என்று அவர் எப்படிச் சொல்ல முடியும்? அவருடைய 15 வருடத்தை நாம் அடித்துவிட்டால், மகள் பெயரில் ஒட்டிய அழுக்கு போனது என்பதையும் சேர்த்தே அடிக்க வேண்டியிருக்கும். ரெண்டும் ஒரே வவுச்சரில் போட்ட பதிவு. பற்றை வைத்துக்கொண்டு வரவைக் கிழிக்க எந்த ஆடிட்டரும் விடமாட்டார்.

அதனால்தான் கடைசியில் தீர்ப்பைக் கேட்ட அவர் கத்தவில்லை, நீதிபதியைச் சபிக்கவில்லை. செத்துப்போன மகள் கோர்ட்டில் வந்து நிற்பதுபோல் அவருக்குத் தெரிகிறது. நன்றி சொல்கிறாள், அப்பா நீங்கள் குற்றவாளி இல்லை என்கிறாள். அறையில் எல்லாரும் மூக்கை உறிஞ்சியது அப்போதுதான். நானும்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கவனியுங்கள், அதைச் சொல்வது மகள். மகளுக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு. நீதிபதிக்குக் கிடையாது. மகள் மன்னிப்பதும் கோர்ட் தண்டிப்பதும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும் என்பதை அந்த இரண்டு நிமிடத்தில் காட்டிவிட்டார்கள். நம் ஆட்கள் பாதியை மட்டும் பார்த்துவிட்டுத் தலையணை எறிகிறார்கள்.

ஹோங்-சோக் நல்லவரா? நல்லவர். அவர் இடத்தில் நான் இருந்தால் துப்பாக்கி எடுத்திருப்பேனா? தெரியாது, ஒருவேளை எடுத்திருப்பேன். எடுத்திருந்தால் எனக்கும் தண்டனை கொடுங்கள் என்றுதான் சொல்வேன். 'எனக்கு வலிக்கிறது, ஆகவே நான் கொல்லலாம்' என்ற வாக்கியத்தில் 'வலிக்கிறது' என்பதை எடுத்துவிட்டு 'கடன் இருக்கிறது' என்று போட்டுப் பாருங்கள். அந்த டாக்டர் ஊசியோடு வந்து நிற்பான்.

டிஸ்கி: தலையணை எறிந்த நண்பன் இதைப் படித்துவிட்டு "டேய், நீ எழுதினதுல அந்த முதலாளி மேட்டர் மட்டும் யோசிக்க வைக்குது, மத்ததெல்லாம் சும்மா" என்றான். ஐந்து பேரில் ஒருத்தன் கால்வாசி மாறியிருக்கிறான். பரீட்சை முடிந்ததும் மீதியைப் பார்த்துக்கொள்கிறேன். நீங்களும் திட்டுவதானால் தாராளமாகத் திட்டுங்கள். பதினாறு பாகத்தையும் பார்த்துவிட்டுத் திட்டுங்கள், அவ்வளவுதான்.