சாவுக்கு வைத்த வேறு பெயர்

தென் அமெரிக்காவின் கயானா நாட்டுக் காட்டில், 1978 நவம்பர் 18 அன்று, அமெரிக்க மதபோதகர் ஜிம் ஜோன்ஸின் 'மக்கள் கோயில்' குழுவினர் 900-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலானோரின் உயிரைக் குடித்தது சயனைடு கலந்த பானம். அவர்கள் முட்டாள்கள் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆனால் அது உண்மையல்ல. நிறவெறி இல்லாத சமூகத்தைத் தேடி வந்த உழைப்பாளிகள் அவர்கள். அவர்களை வீழ்த்தியதில் மொழிக்குப் பெரும்பங்கு உண்டு. ஜோன்ஸை அவர்கள் 'அப்பா' என்றே அழைத்தார்கள். எனவே விலகிச் செல்வது தந்தைக்குச் செய்யும் துரோகமாயிற்று. கூட்டுச் சாவுக்கான ஒத்திகைகளுக்கு 'வெள்ளை இரவு' என்று பெயர். சாவுக்கே 'புரட்சிகரத் தற்கொலை' என்று பெயர். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் கறுஞ்சிறுத்தைகள் இயக்கத்தைச் சேர்ந்த ஹியூயி நியூட்டன், உயிரே போனாலும் அடக்குமுறையை எதிர்த்துப் போராடுவதைக் குறிக்கப் பயன்படுத்திய தொடர் அது. ஜோன்ஸ் அதிலிருந்த போராட்டத்தை உருவிவிட்டுச் சாவை மட்டும் வைத்துக்கொண்டார்.

துப்பாக்கி ஏந்திய காவலர்கள் நின்றார்களே, மொழியை ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குழந்தைகளுக்கு நஞ்சு புகட்டியதைக் கொலை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் துப்பாக்கி ஏந்தியவர்களும் அந்தக் குழுவினர்தான்; அதே சொற்களில் ஊறியவர்கள்தான். கடைசி நேர ஒலிநாடாவில், குழந்தைகள் வாழ வேண்டும் என்று கிறிஸ்டீன் மில்லர் என்ற பெண் வாதாடுகிறார். அவர் குரலை அமுக்கியது துப்பாக்கியல்ல, சுற்றியிருந்த கூட்டம். ஜப்பானின் ஓம் ஷின்ரிக்யோ குழுவும் இதே வழியில் சென்றது. இறப்பவரின் உணர்வை மேல்நிலைக்கு அனுப்புவதைக் குறிக்கும் 'போவா' என்ற பௌத்தச் சொல்லை அது கொலைக்குச் சூட்டியது. 1995-ல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நஞ்சைப் பரப்பியது.

எல்லா மதத்துக்கும் கட்சிக்கும் தனிச்சொற்கள் உண்டே என்பது அடுத்த மறுப்பு. உண்டு, அதில் தவறில்லை. மருத்துவர் தம் துறைச்சொல்லை நமக்குப் புரியும்படி விளக்குவார். நாம் மறுத்தாலும் கோபிக்கமாட்டார். ஆபத்தான குழுவில் அப்படி விளக்கம் கேட்பதே குற்றம். சந்தேகத்துக்கு அங்கே 'ஆணவம்' என்று பெயர், வெளியேறுபவருக்குத் 'துரோகி' என்று பெயர். கேள்வி பிறக்கும் முன்பே அதற்கான தண்டனை சொல்லில் தயாராக இருக்கிறது. ஆகவே எந்தக் குழுவையும் அளக்க ஒரு சோதனை போதும்: அங்கே நடப்பதை வெளியாருக்கு விளங்கும் சாதாரணச் சொற்களில் ஒருவர் சொல்லிவிட்டு, அதன் பிறகும் மதிப்போடு அங்கே இருக்க முடிகிறதா? முடியாதென்றால், அதன் கொள்கை எத்தனை உயர்ந்ததாக ஒலித்தாலும், அங்கிருந்து விலகுவதே அறிவு.