சட்டையில் தைத்தால் போதுமா?

போன மாதம் பிரேயரில் எங்கள் சாரணியர் அணி ஏழு பேரும் முன்னால் போய் நின்றோம், நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். ஞாபகம் இருக்கும். துவிதீய சோபான் சின்னம் வாங்கியதற்காகத்தான் அந்தக் கைதட்டல். அதில் என் பங்கைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். என் அணித் தோழிகள் கோபப்படாமல் கடைசி வரைக்கும் படிக்கவும்.

ஆறாம் வகுப்புத் தங்கச்சிகளுக்காக முதலில் கொஞ்சம் விளக்கம். பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் பத்து வயதில் சேரலாம். முதலில் பிரவேஷ். உறுதிமொழி, சட்டம், மூன்று விரல் சல்யூட், இடது கை குலுக்கல் எல்லாம் தெரிந்தால் அந்தச் சின்னம். அப்புறம் பிரதம சோபான், துவிதீய சோபான், திருதீய சோபான். சோபான் என்றால் படி. முதல் படி, இரண்டாம் படி, மூன்றாம் படி என்றே சொல்லியிருக்கலாம், பாதிப் பேருக்கு வாயில் நுழைந்திருக்கும்! அதற்கு மேலே ராஜ்ய புரஸ்கார், அது ஆளுநர் தருவது. கடைசியில் ராஷ்டிரபதி விருது, ஜனாதிபதி கையெழுத்தோடு வரும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் இத்தனை மாதம் வேலை செய்திருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. நடுவில் சமையல், சைக்கிள், தோட்டம், நீச்சல் என்று தனித்தனித் திறமைச் சின்னங்களும் வாங்க வேண்டும். முடிச்சு, முதலுதவி, விறகு அடுப்பு மூட்டிச் சமைப்பது, திசைகாட்டி பார்ப்பது எல்லாம் இந்தப் படிகளில் வரும்.

எனக்கு இரண்டாம் படி எப்படிக் கிடைத்தது தெரியுமா? லாக் புத்தகத்தில் கிடைத்தது. அக்கா ஒருத்தியின் பழைய நோட்டைப் பார்த்து எழுதினேன். பச்சை ஸ்கெட்ச்சில் தலைப்பு, மார்ஜின், முடிச்சுப் படம் எல்லாம் அழகாகப் போட்டேன். ஒரு முகாமில் ஒரே மதியத்தில் அறுபது பேருக்குத் தேர்வு. நோட்டைப் புரட்டிப் பார்த்தார்கள், “கையெழுத்து நல்லா இருக்கு” என்றார்கள், டிக் போட்டார்கள். என் கையில் யாரும் கயிறு கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காதது என் தப்பு.

சின்னம் வாங்கிப் பத்து நாள் கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பத்தா சோறு வடிக்கும்போது பானை சரிந்து கொதிகஞ்சி மணிக்கட்டில் கொட்டிவிட்டது. வீட்டில் நானும் அப்பத்தாவும் மட்டும்தான். நான் என்ன செய்தேன்? ஓடிப்போய் பல் தேய்க்கும் பேஸ்ட்டை எடுத்து வந்து தடவினேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் அக்கா அதை வழித்து எடுக்கும்போது அப்பத்தா கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. “குழாயைத் திறந்துவிட்டு இருபது நிமிஷம் தண்ணியில காட்டியிருந்தா போதும் பாப்பா, ஐஸும் வேண்டாம், பேஸ்ட்டும் வேண்டாம்” என்றார் நர்ஸ்.

வீட்டுக்கு வந்து லாக் புத்தகத்தைத் திறந்தேன். பதினான்காம் பக்கம். “தீக்காயம், கொதிநீர்க் காயம்: குளிர்ந்த நீரில் காட்ட வேண்டும். பேஸ்ட், மை தடவக்கூடாது.” என் கையெழுத்துதான். பக்கத்தில் சிவப்பு டிக்.

அப்பத்தா என் சட்டையைப் பார்த்து, “இது எதுக்குத்தா குடுத்தாக?” என்று கேட்டது. எனக்குப் பதில் வரவில்லை. சிவகாசி நமக்கு எவ்வளவு பக்கம்! நம்மில் எத்தனை பேர் வீட்டில் பட்டாசு வேலைக்கும் தீப்பெட்டி வேலைக்கும் போகிறார்கள். இந்த ஒரு பாடத்தையாவது வேறு எந்த ஊரை விடவும் நாம் கையால் படித்திருக்க வேண்டாமா?

இதை என் தோழியிடம் சொன்னேன். அவள் சொன்னதையும் மறைக்காமல் எழுதுகிறேன். “நம்ம மட்டும் கறாரா தேர்வு வச்சா நம்ம ஸ்கூல்ல இருந்து ஒருத்தரும் ராஜ்ய புரஸ்கார் போக முடியாதுடி. மத்தவங்க போயிடுவாங்க. ராஷ்டிரபதி வரைக்கும் போனா ரயில்வே வேலைக்குத் தனி ஒதுக்கீடு இருக்கு, தெரியுமா?” தெரியும். ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீடு உண்மைதான். என் அப்பாவும் அதற்காகத்தான் சீருடைக்கும் ஷூவுக்கும் காசு கொடுத்தார். தோழி கேட்டது நியாயமான கேள்வி என்பதால் இரண்டு நாள் யோசித்தேன். ரயில்வேயில் போய் ஒருவருக்கு அடிபட்டால் அங்கேயும் நான் பேஸ்ட்டா தேடுவேன்?

இன்னொன்றும் சொன்னார்கள். இயக்கத்தை ஆரம்பித்த பேடன் பவலே சின்னம் என்பது உற்சாகம் கொடுக்கத்தான், எவ்வளவு கெட்டிக்காரர் என்று பார்ப்பதை விட எவ்வளவு முயற்சி செய்தார் என்றுதான் பார்க்க வேண்டும் என்று நினைத்தவராம். எனக்கு அது பிடித்திருக்கிறது. முடிச்சு சரியாக வராதவளுக்கும் நாற்பது தடவை போட்டுப் பார்த்திருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் நான் முயற்சி செய்தது ஸ்கெட்ச் பேனாவில்.

1907-ல் அவர் பிரவுன்சி தீவில் பையன்களை வைத்து முதல் முகாம் போட்டார். 1909-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணர்கள் கூடியபோது, அழைக்காமலே சில பெண் பிள்ளைகள் வந்து நாங்களும் சாரணர்தான் என்று நின்றார்கள். அதற்குப் பிறகுதான் 1910-ல் பெண்களுக்கென்று தனி இயக்கம் வந்தது. நம் சென்னையிலும் இந்தியப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று 1916-ல் அன்னி பெசன்ட் அம்மையார் தனியாக ஒரு சாரணர் சங்கம் தொடங்கினார். யாரும் சின்னம் கொடுப்பார்கள் என்று இவர்கள் காத்திருக்கவில்லை.

சைக்கிள் சின்னக் கதை இன்னும் வேடிக்கை. எங்கள் வகுப்பில் பஞ்சர் ஒட்டத் தெரிந்தவள் ஒருத்திதான், அவள் அப்பா பஸ் ஸ்டாப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பதில் இருந்து எல்லாம் செய்வாள். அவள் சாரணியரில் இல்லை. சீருடைக்குக் காசில்லை, முகாமுக்கு ராத்திரி தங்க வீட்டில் விடமாட்டார்கள். நல்ல துணிக்கும் பஸ் காசுக்கும் தான் சின்னமா என்று அவள் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். சீருடை இல்லாதவளையும் அணியோடு உட்கார வைத்தால் என்ன? எங்களுக்குப் பஞ்சர் ஒட்ட அவள் சொல்லிக் கொடுக்கட்டுமே. ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி போகிற கூட்டம் நம் கிருஷ்ணன்கோவிலில் இறங்கி வத்திராயிருப்பு பஸ்ஸுக்குக் காத்து நிற்குமே, அங்கே தண்ணீர் ஊற்றிக் கொடுக்க ஸ்கார்ஃப் எதற்கு?

நோட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிக் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை செய்யச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி செய்யச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் “இன்னும் இல்லை” என்று எழுதுங்கள். நாங்கள் அழுதாலும் பரவாயில்லை.

கைடு டீச்சரிடம் இதை எல்லாம் சொல்லிவிட்டேன். திட்டுவார்கள் என்று பயந்தேன், திட்டவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் வேப்பமரத்தடியில் எனக்கு மறுபடி தேர்வு வைக்கிறார்கள். கயிறு டீச்சர் தருவார்கள். முக்கோணக் கட்டுக்கு அம்மாவின் பழைய சேலையைக் கிழித்து எடுத்து வருகிறேன். அடிபட்டவராக நடிக்க ஒரு ஆள் வேண்டும். எட்டாம் வகுப்பில் யாராவது வருகிறீர்களா?

– ஒன்பதாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி