பைல் சேர்ப்பது படிப்பாகுமா?

தறிச் சத்தம் கேட்கும் காஞ்சிபுரம் வீடுகளிலும் இப்போது கம்ப்யூட்டர் முன் அமர்ந்து ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அண்மையில் ஒரு பெண் தன் ‘டெட்’ போல்டரைத் திறந்து காட்டியபோது கவலையாக இருந்தது. நூற்றுக்கணக்கில் பிடிஎப் பைல்கள். பாதியை அவர் திறந்ததே இல்லை.

முதல் தவறு இதுதான். பல பைல்கள் பழைய பாடநூல்கள் வேறு. 1 முதல் 8 வரையிலான வகுப்பு நூல்கள் 2018-20ல் மாறிவிட்டன. பழையதை டெலீட் செய்துவிட்டு, பாடநூல் கழகத் தளத்திலிருந்து புதியதை டவுன்லோட் செய்திடுங்கள்.

அடுத்த தவறு, கடிகாரத்தை மறப்பது. 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வில் 150 கேள்விகளுக்கு 90 நிமிடமே தந்தார்கள். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். தேறியவர்கள் 2,448 பேர். அந்த அக்டோபர் மறுதேர்வில்தான் 3 மணி நேரமானது. அப்படியும் கேள்விக்கு 72 வினாடிதான். பழைய வினாத்தாளை ஸ்கிரீனில் பார்த்தால் போதாது. பிரின்ட் எடுத்து, அலாரம் வைத்து எழுதுங்கள். தவறான விடைக்கு மார்க் குறைப்பதில்லை; ஒரு கேள்வியையும் விடாதீர்கள்.

மூன்றாவது, குழந்தை மேம்பாட்டையும் ஆங்கிலத்தையும் ‘பிறகு பார்க்கலாம்’ என ஒதுக்குவது. இரண்டும் தலா 30 மார்க். பாவு சரியில்லாத தறியில் ஜரிகை மட்டும் என்ன செய்யும்?

ஓய்வுபெற 5 ஆண்டுகளுக்கு மேல் உள்ள ஆசிரியர்களும் பணியில் தொடர இத்தேர்வில் தேற வேண்டும் என 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இனி இது வேலை தேடுவோர் கவலை மட்டுமல்ல. இன்றே உங்கள் போல்டரைத் திறந்து பாருங்கள். படிக்கப்போகும் பத்து பைல்கள் போதும்.