போளூருக்கு எத்தனை ஸ்ட்ரோக்?

கோல்ஃப் ஆடுகிற நாலு பேர் ஒன்று சேர்ந்தால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கும். எந்தக் குழி ரொம்பக் கஷ்டம்?

உங்களில் முக்கால்வாசிப் பேர் கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டிருக்க மாட்டீர்கள். நானும் தொட்டதில்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்கு அவர்கள் சொல்கிற பதில்கள் சுவாரஸ்யமானவை.

ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரின் பழைய மைதானத்தில் 17-வது குழிக்கு ‘ரோடு குழி’ என்றே பெயர். பந்து கொஞ்சம் பிசகினால் இந்தப் பக்கம் மணல் பள்ளம், அந்தப் பக்கம் ரோடு. 1978-ல் ஜப்பான்காரர் நகாஜிமா அந்த மணலிலிருந்து பந்தை வெளியே கொண்டுவரவே நாலு அடி அடித்தார். அந்த ஒரு குழிக்கு மட்டும் ஒன்பது அடி. அமெரிக்காவில் ஸாகிராஸ் மைதானத்தின் 17-வது குழி தண்ணீருக்கு நடுவே தீவு மாதிரி இருக்கிறது. தூரம் என்னவோ 137 கெஜம்தான். அந்தத் தண்ணீரிலிருந்து வருஷத்துக்கு ஒரு லட்சம் பந்து அள்ளுகிறார்களாம்.

1999 பிரிட்டிஷ் ஓப்பன் கதை இன்னும் பரிதாபம். கார்னூஸ்டி மைதானத்தின் கடைசிக் குழி. பிரான்ஸ்காரர் வான் டி வெல்ட் ஆறு அடியில் முடித்தால்கூடக் கோப்பை அவருக்குத்தான். பந்து ஓடையில் விழுந்தது. மனிதர் ஷூவைக் கழற்றி, பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டி, தண்ணீரில் இறங்கி நின்றார். உலகமே டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தது. ஏழு அடி. கோப்பை போச்சு. இன்றைக்கும் அவருக்காக உச்சுக் கொட்டுகிறார்கள்.

ஓடையில் இறங்கி நிற்பதற்கு உச்சுக் கொட்டுவதானால் நம் மலைகளில் நிறையப் பேர் காத்திருக்கிறார்கள். அதற்கு அப்புறம் வருகிறேன்.

நம்மூரிலும் சாமான்யப்பட்ட மைதானம் இல்லை. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-ல் வெள்ளைக்காரர்கள் ஆரம்பித்தது. ஏறுவதும் இறங்குவதுமாகப் புல்சரிவு. அதில் காட்டுமாடுகள் கூட்டம் கூட்டமாக வந்து மேயும். ‘பந்து அடிக்கணும், கொஞ்சம் தள்ளிக்கோ’ என்று அதனிடம் யாரும் சொல்ல முடியாது. ஆட்டத்தில் இதற்கும் விதி வைத்திருக்கிறார்கள். விதி எண் 16. ஆபத்தான விலங்குக்குப் பக்கத்தில் பந்து கிடந்தால், தண்டனை எதுவும் இல்லாமல் வேறு பத்திரமான இடத்தில் போட்டு ஆடலாம். உயிரைப் பணயம் வைத்து ஆடச் சொல்வது நியாயமில்லை என்று எவனோ உட்கார்ந்து யோசித்திருக்கிறான்.

(மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடப்பவருக்குக் ‘கேடி’ என்று பெயர். நம் ஊர் அர்த்தத்தில் இல்லை.)

இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம் அதன் மார்க் கார்டு. பதினெட்டுக் குழிக்கும் 1-லிருந்து 18 வரை ஒரு வரிசை எண் போட்டிருப்பார்கள். ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் என்று பெயர். நீங்கள் சுமாராக ஆடுகிறவர். எதிரே நிற்பவர் சூரர். உங்களுக்கு ஐந்து அடி சலுகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை இஷ்டப்பட்ட இடத்தில் எடுத்துக்கொள்ள முடியாது. 1 முதல் 5 வரை எண் போட்ட குழிகளில்தான், குழிக்கு ஒன்று வீதம் கிடைக்கும். அந்த எண்ணை எப்படிப் போடுகிறார்கள்? சூரனுக்கு எது கஷ்டம் என்று மட்டும் பார்த்து அல்ல. எந்தக் குழியில் சுமார் ஆள் அதிகமாகத் திணறுவான், சலுகை எங்கே கொடுத்தால் அவனுக்கு உபயோகப்படும் என்று பார்த்துப் போடுவதுதான் பழைய வழக்கம்.

அதோடு விடவில்லை. மைதானத்துக்கே ஒரு மதிப்பெண் உண்டு. ஸ்லோப் ரேட்டிங். 55-லிருந்து 155 வரை. சாதாரண மைதானத்துக்கு 113. எண் ஏற ஏற, அந்த மைதானம் சூரனைவிட சுமார் ஆளைத்தான் அதிகம் படுத்துகிறது என்று அர்த்தம். உள்ளூர் ஆள் ‘எங்க ஊர் கஷ்டம் சார்’ என்று புலம்ப வேண்டியதில்லை. மதிப்பிடுகிற குழு நேரில் வந்து, மைதானம் முழுக்கப் பார்த்து, அளந்து, எண் போட்டுவிட்டுப் போகிறது. 2020-லிருந்து உலகம் முழுக்க ஒரே கணக்கு.

பணக்காரன் விளையாட்டு என்று நாம் கேலி செய்கிற ஒன்றில் இத்தனை நியாயம் இருக்கிறது. நம் அரசாங்கத்தில் இதில் கால்வாசியாவது இருக்கிறதா?

கொடைக்கானலிலேயே பார்ப்போம். போளூர். போளூர் என்றதும் திருவண்ணாமலைப் பக்கத்துப் போளூரை நினைக்காதீர்கள். இது மேல்மலைப் போளூர். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை என்று சொல்வார்களே, அந்த வரிசையில் ஒன்று. சுற்றுலாப் பயணி ஏரியில் படகு விட்டு, தூண் பாறையில் போட்டோ எடுத்து, சாக்லேட் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார். அவர் பார்க்காத கொடைக்கானல் இந்த மேல்மலை. பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் படிப்படியாக வெட்டிய சரிவில் விளைகின்றன. 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எல்லாரும் கைதட்டினோம். அந்தப் பூண்டு அத்தனை வளைவும் இறங்கி வடுகபட்டிச் சந்தைக்குப் போய்ச் சேரும் வண்டி வாடகைக்கு எந்தக் குறியீடும் கிடைக்கவில்லை.

போளூரின் ஸ்லோப் ரேட்டிங் என்ன? யாரும் போட்டதில்லை. ஏனென்றால் நம் திட்டங்கள் எல்லாம் சமவெளியில் உட்கார்ந்து, சமவெளி ஸ்கேலால் கோடு போட்டவை.

2021 மே மாதம் பெண்களுக்கு இலவச பஸ் வந்தது. நல்ல திட்டம், நானே பாராட்டுகிறேன். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் இலவசம் என்றார்கள். மலையில் ஏது சார் டவுன் பஸ்? அங்கே ஓடுவது வேறு ரகம். ஆக, சென்னையில் மயிலாப்பூரிலிருந்து தி.நகருக்கு இலவசமாகப் போன அதே காலத்தில், மேல்மலைப் பெண் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் காசு கொடுத்துப் போனாள். நீலகிரி, கொடைக்கானல், வால்பாறைக்கும் உண்டு என்று அறிவிப்பு வந்தது 2024 பிப்ரவரி பட்ஜெட்டில். கிட்டத்தட்ட மூன்று வருஷம். யாருக்கும் மலைமேல் விரோதம் இல்லை. திட்டம் எழுதியவர் மேஜையில் மலை இல்லை, அவ்வளவுதான்.

ரோடு கதையைக் கேளுங்கள். 2000 டிசம்பரில் பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் ஆரம்பித்தார்கள். சமவெளியில் 500 பேர் உள்ள குடியிருப்புக்கு ரோடு. மலை மாநிலம், பாலைவனம், ஐந்தாவது அட்டவணைப் பழங்குடிப் பகுதி என்றால் 250 பேர் போதும். அடடா, மலைக்குச் சலுகை என்று சந்தோஷப்படாதீர்கள். அது மலை *மாநிலத்துக்கு*. தமிழ்நாடு மலை மாநிலம் கிடையாது. ஐந்தாவது அட்டவணைப் பகுதியும் இங்கே ஒரு அங்குலம் கிடையாது. ஆகவே டெல்லி காகிதத்தில் பழனி மலையும் தஞ்சாவூரும் ஒரே மட்டம்! கொடைக்கானலுக்குக் கீழே வெள்ளகெவி என்ற ஊரில் நெடுங்காலமாக நோயாளியையும் பிரசவத்துக்குத் துடிக்கும் பெண்ணையும் டோலி கட்டித்தான் தூக்கி வந்தார்கள். தஞ்சாவூர்க் கணக்கில் அது எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால், சொற்பம்தான்.

ஆஸ்பத்திரிக் கணக்கில் மலைக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கிறார்கள். துணை சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 5,000 பேர், மலையில் 3,000. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 30,000, மலையில் 20,000. சரி. ஆனால் இதிலும் தலையைத்தான் எண்ணுகிறார்கள், பாதையை எண்ணவில்லை. ரோட்டோரத்து மூவாயிரமும் வளைவு வளைவாக ஏறிப்போகும் மூவாயிரமும் ஒன்றா? நவம்பர் மழையில் ரோட்டில் மரம் விழுந்து கிடக்கும் ராத்திரியில் பிரசவ வலி வந்தால், அந்த மூவாயிரம் என்ற எண் வந்து மரத்தை அகற்றுமா?

காட்டுப்பன்றிக்கு வருவோம். 2025 ஜனவரியில் அரசு ஒரு கொள்கை அறிவித்தது. காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைத் தொடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு அப்பால்தான் வனத்துறை சுடலாம். திருச்சிப் பக்கத்து விவசாயிக்கு இது புரியும். மேல்மலை விவசாயிக்கு? தோட்டத்து வேலியே காட்டின் ஓரம். 2013-ல் சரணாலயமும் அறிவித்தாயிற்று. எந்தத் திசையில் மூன்று கிலோமீட்டர் நடந்தாலும் அவர் மறுபடி காட்டுக்குள்தான் நிற்பார். பன்றியைச் சுட்டுத் தள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. பாதுகாக்கப்பட்ட காட்டுமாட்டைத் தொடவும் சொல்லவில்லை. பன்றி கிண்டிப்போட்ட உருளைக்கிழங்குப் பாத்தியைத் தூக்கி, தண்டனை இல்லாமல், வேறு பத்திரமான இடத்தில் வைத்துக்கொள்ள அவருக்கு விதி எண் 16 இல்லை என்பதைத்தான் சொல்கிறேன். அவருக்கு இருப்பது நஷ்டஈட்டு மனுவும் அதைத் தூக்கிக்கொண்டு அலைகிற அலைச்சலும்.

‘மலைமேல் போய் யார் இருக்கச் சொன்னது? கீழே வர வேண்டியதுதானே?’ என்று ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. நீங்கள் பெரியகுளத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து உறிஞ்சும் ரசத்தில் பூண்டு மணக்கிறதே, அது மேலேயிருந்து வந்தது. குடிக்கிற தண்ணீரும் மேலேயிருந்துதான் வந்தது.

‘கோல்ஃப் கிளப்பையே எடுத்து ஏழைகளுக்குக் கொடு’ என்று இன்னொருவர் எழுதுவார். அது வேறு சண்டை, இன்னொரு வாரம் வைத்துக்கொள்ளலாம். எனக்கு இப்போது அவர்கள் புல் வேண்டாம். அவர்கள் கணக்கு வேண்டும்.

கஷ்டமான ஒன்றும் இல்லை. ஒவ்வொரு மலை ஊருக்கும் ஒரு எண். மழை ராத்திரியில் சிசேரியன் செய்யக்கூடிய ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணி நேரம்? ஒரு மூட்டை பூண்டு சந்தை போய்ச் சேர என்ன செலவு? வருஷத்தில் எத்தனை நாள் ரோடு அடைபடுகிறது? பள்ளிக்கூடத்துக்கு ஏறவேண்டிய ஏற்றம் எவ்வளவு? ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி என்று 2010 மாதிரி விதிகள் சொல்கின்றன. கரடுமுரடான இடத்தில் அந்தத் தூரத்தையும் குறைக்கச் சொல்லி ஒரு வரி இருக்கிறது. எவ்வளவு கரடு, எவ்வளவு முரடு? எண் இல்லை. அதனால் அந்த வரி அங்கேயே படுத்திருக்கிறது.

இந்த நாலையும் அளந்து எண் போடுங்கள். ரோடு நிதி, பஸ், டாக்டர், வண்டி வாடகை மானியம் எல்லாம் அந்த எண்படி போகட்டும். பெரிய எண் உள்ள ஊருக்கு முதல் ஸ்ட்ரோக்.

சென்னைக்கு 113 என்று வைத்துக்கொள்ளலாம். போளூருக்கு எத்தனை என்று அதிகாரி ஒருவர் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதட்டும். மே மாதம் குளுகுளு சீசனில் வேண்டாம். நவம்பரில், பஸ்ஸில்.